நாற்பது ஐஸ்கட்டி, ஒரு கையெழுத்து

சங்குமுனைத் துறைமுகத்து ஐஸ் கிடங்கில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூட்டை தூக்கத் தளவாயும் இசக்கிமுத்தும். மூளையைத் தூக்க வைகுண்டம். இந்த மூன்றாவது வேலையில் பாரம் ரொம்பக் குறைச்சல்.

போன மாதம்வரை வைகுண்டம் வாசல் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர். முதலாளிக்கு என்ன தோன்றியதோ, அவரை 'சப்ளை செயின் மேனேஜர்' ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. பொண்டாட்டி "சாப்பிட வாங்க" என்றால், "எத்தனை மணிக்கு டெலிவரி?" என்று கேட்கிற அளவுக்கு முற்றிவிட்டது.

அன்று காலை முதலாளி வெளியூர் கிளம்பும்போது கறாராகச் சொன்னார்.

"வே வைகுண்டம், சந்தியாகு அண்ணாச்சி படகுக்குப் பதினோரு மணிக்குள்ள இருபது ஐஸ்கட்டி போய்ச் சேரணும். உள்ள நாற்பது கிடக்கு. முதல்ல வந்தது முதல்ல போகணும். டெலிவரி சீட்டுல அண்ணாச்சி கையெழுத்து இல்லேன்னா, நாளையிலேருந்து உமக்குப் பழையபடி கேட்டு வேலைதான்!"

வைகுண்டம் அடையாள அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். பதவி வந்த பிறகுதான் மாமனார் வீட்டில் அவருக்கு நாற்காலி போடுகிறார்கள். உடனே மீட்டிங் கூட்டினார்.

"முதல்ல வந்த கட்டி எதுவே?"

"எல்லாம் ஒரே சாடையால்லா இருக்கு அண்ணாச்சி" என்றான் இசக்கிமுத்து.

தளவாய் நெடுநேரம் யோசித்தான். "முந்தாநாள் வந்தது கொஞ்சம் உருகியிருக்கும். நேத்து வந்தது உருகியிருக்காது. அப்ப, சிறுசுதான் மூத்தது."

"அடேயப்பா! மூளைன்னா இதுல்லா மூளை!" என்று வைகுண்டம் தொடையில் தட்டினார்.

கிடங்குக்குள் இருட்டு. எது சிறுசு என்று தெரியவில்லை. ஆகவே நாற்பதையும் வெளியே தூக்கி, உருகாமலிருக்கப் போட்டிருந்த உமியைத் தட்டிவிட்டு, சித்திரை வெயிலில் வரிசையாக வைத்தார்கள். தளவாய் நாடா பிடித்தான். இசக்கிமுத்து எழுதினான். மேனேஜர் மேற்பார்வை பார்த்தார்.

நாற்பதாவது கட்டியை அளந்து முடிப்பதற்குள் முதலாவது நாலு விரல் சுருங்கியிருந்தது.

"பாத்தீரா! இவன் வயசை மறைச்சிருக்கான்" என்றார் வைகுண்டம். வரிசையை மாற்றினார்கள். மாற்றி நிமிர்வதற்குள் நடுவில் இருந்தவை கிழடு தட்டிவிட்டன. மறுபடி அளந்தார்கள், மறுபடி மாற்றினார்கள்.

ஐஸ் ஏற்ற வந்து காத்துக்கிடந்த லாரி டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "ஏதாவது இருபதை ஏத்துங்கய்யா, உருகுது!"

"ஏதாவது இருபதா?" வைகுண்டத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்படி ஏத்துறதுக்கு மேனேஜர் எதுக்குய்யா?"

பத்தரை மணிக்குக் கட்டிகள் தேங்காய் அளவு இருந்தன. பதினொன்றுக்கு நெல்லிக்காய் அளவு. அப்புறம் தரையில் ஈரம் மட்டும்தான்.

"இப்ப எல்லாம் ஒரே வயசு. குழப்பம் தீர்ந்துது" என்று இசக்கிமுத்து நோட்டை மூடினான்.

வைகுண்டம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நாற்காலி போச்சே! கண்ணீர் பொங்கியது. துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அவ்வளவு ஐஸும் எங்கவே போச்சு?"

"ஓடையில."

"ஓடை எங்க போகுது?"

"கடலுக்கு."

"அண்ணாச்சி படகு எங்க நிக்குது?"

"கடல்ல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டெலிவரி ஆயிட்டுல்லா!" என்று கத்தினார் வைகுண்டம். "அதுவும் லாரி இல்லாம!"

சீட்டை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினார்கள். மற்ற விசைப்படகுகள் எல்லாம் போய்விட்டன. சந்தியாகு அண்ணாச்சி மட்டும் மீசை துடிக்க நின்றுகொண்டிருந்தார்.

"எங்கவே என் ஐஸு?"

"கீழ பாருங்க அண்ணாச்சி" என்று வைகுண்டம் கடலைக் காட்டினார். "இருபதுதான் கேட்டீங்க. நாற்பதா அனுப்பியிருக்கோம். இங்க ஒரு கையெழுத்து..."

சந்தியாகு பேனாவை வாங்கவில்லை. வைகுண்டத்தின் சட்டையைப் பிடித்தார். அடுத்த நொடி மேனேஜர் கடலில் தொபுக்கென்று விழுந்தார்.

மூச்சுத் திணறி, கழுத்தளவு தண்ணீரில் எழுந்து நின்றார். துறையின் நிழலில் கிடந்த தண்ணீர், வெயிலில் காய்ந்த உடம்புக்குச் சில்லென்று இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. சீட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கூவினார்:

"அண்ணாச்சி, சரக்கு வந்து சேர்ந்துட்டு! ஜில்லுன்னு இருக்கு! நம்பலேன்னா நீங்களும் ஒரு முங்கு முங்கிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க!"