ஆறாவது நிறுத்தம்

எந்த மெஷினை எந்த நிமிஷம் நிறுத்த வேண்டும் என்று திட்டம் போட்டே நூற்பாலையில் இருபது வருஷத்தை ஓட்டியவர் வெள்ளிங்கிரி. நாற்பத்தெட்டு வயதில் அவருக்குக் கம்ப்யூட்டர் கார் பந்தயப் பைத்தியம் பிடித்தது. கற்றுக்கொடுத்த மிருதுளாவுக்கு இருபத்தாறு வயது. அவளை வாய் நிறையக் குரு என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரப் பந்தயம். முதலாவதாக வரும் ஜோடி ஆசியப் போட்டிக்குப் போகலாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு வெள்ளிங்கிரி ஒரு தாள் தயாரித்திருந்தார். சுற்றுக்கு இரண்டு நிமிஷம். ஒரு டேங்க் பெட்ரோலுக்கு இருபத்தொன்பது சுற்று. பெட்ரோல் போட மொத்தம் ஆறு நிறுத்தம். கடைசி நிறுத்தம் நூற்று எழுபத்து நாலாவது சுற்று முடிந்ததும். திரைக்குப் பக்கத்திலேயே அதை ஒட்டிவைத்தார். மிருதுளா படித்துப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குதுங்கண்ணா என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் பாதியை அவள் ஓட்டினாள். மறுபாதிக்கு அவர் உட்கார்ந்தார். அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கடைசி ஒரு மணி நேரத்தில், அவருக்கு முன்னால் இரண்டு கார்கள் மோதிக்கொண்டன. விதிப்படி எட்டுச் சுற்றுக்கு எல்லோரும் ஊர்ந்தார்கள். பாதை திறந்ததும் வெள்ளிங்கிரி பாய்ந்த பாய்ச்சலில் பன்னிரண்டு நொடி முன்னிலை கிடைத்தது. நூற்று எழுபத்து நாலாவது சுற்று முடிந்தது. ஊர்ந்ததில் நேரம் போயிருந்ததால் பந்தயம் முடிய இரண்டே சுற்று. அவர் பெட்ரோல் போட ஒதுங்கினார்.

இரண்டாம் இடம்.

ஊர்ந்ததில் பெட்ரோல் மிச்சமாகியிருந்தது. ஒதுங்கியபோது டேங்கில் நாலு சுற்றுக்கு இருந்ததாகத் திரை காட்டியது. வெள்ளிங்கிரி கோபத்தோடு மிருதுளா பக்கம் திரும்பினார்.

"அம்மணி, டேங்க்ல பெட்ரோல் இருந்தது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க."

"பக்கத்துலயே உக்காந்துட்டு ஏனுங்க ஒரு வார்த்தை சொல்லலை?"

மிருதுளா பந்தயத்தின் பதிவைப் பின்னால் தள்ளி, ஒலியைக் கூட்டிவைத்தாள்.

அவள் குரல் கேட்டது: "அண்ணா, பெட்ரோல் போதுமுங்க. ஒதுங்க வேண்டாம்."

அடுத்து ஓர் ஆண் குரல், நிதானமாக: "சரிங்க அம்மணி."

"நேராவே போங்கண்ணா."

"ஆகட்டுங்க. புரிஞ்சுது."

அந்தக் குரல் புரிந்தது என்று சொன்ன கையோடு கார் ஒதுங்கியது.

அது வெள்ளிங்கிரியின் குரலேதான். ஆனால் கேட்டதும் நினைவில்லை, பதில் சொன்னதும் நினைவில்லை. நினைவில் இருந்ததெல்லாம் நூற்று எழுபத்து நாலு என்ற எண் ஒன்றுதான். இன்னொரு தடவை போடச் சொன்னார். அதே குரல் அதே மரியாதையோடு சரி என்றது. மிருதுளா ஒலியை நிறுத்தினாள்.

அவர் திரைக்குப் பக்கத்தில் இருந்த தாளைப் பார்த்தபடி கேட்டார்.

"இதுல எங்கீங்க தப்பு?"

"தாள்ல தப்பே இல்லீங்கண்ணா. ரெண்டு காரு மோதுனது அதுக்குத் தெரியாது. உங்க கண்ணு முன்னாடிதானுங்க மோதுச்சு?"