தெய்வானை சொன்ன ஆறு குறைகள்

"அந்த மென்பொருளுக்கு முதலாளி யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம். சண்டை போடறத நான் பாத்துக்கறேன்."

நாச்சிமுத்து இப்படித்தான் ஆரம்பித்தார். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நூலகத்தின் நூலகர். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு.

எதிரே பூங்கோதை. அவரைவிட இருபத்துநான்கு வயது இளையவள். மாவு மில் மாடியில் இரண்டு அறை, மூன்று கணினி. நூலக மென்பொருளில் தகராறு என்றால் சுற்றுப்பட்டு நூலகர்கள் எல்லாரும் அந்தப் படியைத்தான் ஏறுவார்கள். குரு என்று கூப்பிட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். நான் அப்படித்தான் சொல்லப் போகிறேன். கதை படிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"முதலாளி இல்லீங்க சார்," என்றாள் குரு.

"முதலாளி இல்லாம ஒரு பொருள் எப்படிங்க இருக்கும்?"

"இது கட்டற்ற மென்பொருள். யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம். கோளாறு இருந்தா திருத்தலாம்."

"அப்ப நான் யாருகிட்டப் போயி முறையிடறது?"

"எங்கிட்டச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். பழைய மென்பொருளை விற்ற நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது. நூலகம் புதியதற்கு மாறிவிட்டது. இனி வாசகர்களே கணினியில் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். நாச்சிமுத்து போனபின் அந்த நாற்காலிக்கு ஆள் கிடையாது. அறக்கட்டளையின் மூன்று நூலகத்துக்கும் சேர்த்து ஒருவர், வந்தால் வருவார்.

மற்றவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். தெய்வானையால் முடியாது.

தெய்வானை அரசு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவள். பிறந்ததிலிருந்து பார்வை இல்லை. பதினோரு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வருவாள். பிரெய்ல் நூலோ ஒலிநூலோ, நாச்சிமுத்துதான் தேடி எடுத்துக் கொடுப்பார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலை வைத்து அலுவலகத்தில் அவள் கணினியை ஓட்டுகிறாள். ஆனால் நூலகத்தின் புதிய தேடல் பக்கத்துக்கு வந்தால் அந்தக் குரல் உளறுகிறது.

"நான் போனப்பறம் அவங்க வர்றதயே நிறுத்திருவாங்க," என்றார்.

குரு கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான்காம் நாள் குருவிடமிருந்து தொலைபேசி.

"திருத்தி எழுதிட்டேன் சார். ஆனா எழுதினவளே சரின்னு சொன்னா செல்லாது. வேற ஒருத்தர் ஓட்டிப் பாத்து, பேர் போட்டுச் சொல்லணும். அப்பத்தான் மென்பொருளுக்குள்ள சேத்துக்குவாங்க. இங்க அதுதான் வழக்கம்."

"சமைச்ச ஆளே ருசி சொல்லக் கூடாதுங்கறீங்க."

"அதேதான்."

நாச்சிமுத்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, திருத்திய பக்கத்தில் தேடிப் பார்த்தார். குரல் தெளிவாகப் படித்தது. 'சரியாக உள்ளது. நாச்சிமுத்து, நூலகர்' என்று எழுதி அனுப்பினார். ஒரு பெருமை வந்தது.

"கண்ண மூடிட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் குரு.

நாச்சிமுத்து மெதுவாகப் போனை வைத்தார்.

சனிக்கிழமை தெய்வானையை உட்கார வைத்தார். அவள் பத்து நிமிடம் கேட்டாள்.

"நல்லா இருக்குங்க சார்."

அதை அப்படியே குருவிடம் சொன்னார்.

"என்ன அழுத்தினாங்க? என்ன கேட்டுச்சு?"

"அவங்கதான் நல்லா இருக்குன்னுட்டாங்களே!"

"அவங்க எதையாவது நல்லா இல்லைன்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

நாச்சிமுத்து யோசித்தார். மழையில் நனைந்து வந்த நாள் உண்டு. ஒலிநூல் பாதியில் நின்றுபோன நாள் உண்டு. எல்லாவற்றுக்கும் 'பரவாயில்லீங்க சார்'தான். பதினோரு வருடத்தில் ஒரு குறை இல்லை. அவருக்கு என்னவோ போலிருந்தது.

அடுத்த சனிக்கிழமை குருவே பஸ் ஏறி வந்தாள். தெய்வானை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு நோட்டைத் திறந்தாள்.

"குறை மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"ஐயோ, எவ்வளவு சிரமப்பட்டுச் செஞ்சிருக்கீங்க..."

"குறை."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

குரு நோட்டை மூடினாள்.

"அப்ப இது இப்படியேதான் போகும். எத்தனையோ தேசத்து நூலகத்துல இதை வெச்சிருக்காங்க. அங்கெல்லாம் உங்கள மாதிரி ஒருத்தர் காதுல மாட்டிட்டு உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கும் இதுதான் கிடைக்கும்."

தெய்வானையின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

"ஒண்ணு சொல்லட்டுங்களா?"

குரு நோட்டைத் திறந்தாள்.

"புத்தகம் உள்ள இருக்குதா, வெளிய போயிருக்குதான்னு இது சொல்லவே இல்லீங்க."

நாச்சிமுத்து குனிந்து திரையைப் பார்த்தார். உள்ளே இருந்தால் பச்சைப் புள்ளி. வெளியே போயிருந்தால் சிவப்பு. சொல்லாக எங்கும் எழுதவில்லை. அதுவரை அந்தப் புள்ளிகள் அழகாக இருப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

"அப்பறம், தேடச் சொன்னா சத்தமே இல்ல. வந்துச்சா வர்லயான்னு தெரியாம உக்காந்திருக்கணும். மொத புத்தகத்துக்குப் போறதுக்கு முன்னால பக்கத்தோட தலைப்புல இருக்கிற இருபத்துமூணு விஷயத்தையும் ஒவ்வொரு தடவையும் படிக்குது. இருபத்துமூணு! நான் எண்ணினேன்."

ஆறாவது குறைக்கு வரும்போது தெய்வானையின் குரல் உயர்ந்திருந்தது. பக்கத்து மேசையில் பத்திரிகை படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். நாச்சிமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தக் குரலா இத்தனை வருடம் 'பரவாயில்லீங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தது?

குரு கடைசி வரியை எழுதி முடித்தாள். எழுந்து நின்றாள். தெய்வானையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

தெய்வானைக்கு அது தெரியாது. நாச்சிமுத்து பார்த்தார்.

அன்று மாலையே ஆறு குறைகளும் இணையத்தில் அந்த மென்பொருளைத் திருத்துகிற எல்லார் பார்வைக்கும் போயின. செவ்வாய்க்கிழமைக்குள் சிலி நாட்டில் ஒருவர் பச்சைக்கும் சிவப்புக்கும் சொல் போட்டுவிட்டார். நார்வேயில் ஒரு பள்ளி நூலகர் இரண்டு குறைகளைத் தீர்த்தார். மிச்சம் மூன்றைக் குரு முடித்தாள். கென்யாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். குரு அதைத் தமிழில் படித்துக் காட்டினாள்:

"எங்கள் நூலகத்துக்கும் இப்படி இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களும் எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் கேட்டோம்."

நாச்சிமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இவங்கெல்லாம் நமக்கு யாருங்க? மாமனா, மச்சானா? ஒரு வாய்த் தண்ணி குடுத்திருப்பமா நாம?"

குரு தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மூன்றாம் சனிக்கிழமை. தெய்வானை ஆறையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒன்றில் திருப்தியில்லை, குருவை அங்கேயே உட்கார்ந்து மாற்றச் சொன்னாள். குரு மாற்றினாள். எதை அழுத்தினேன், என்ன கேட்டது என்று தெய்வானை வரிவரியாகத் தட்டினாள். கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினாள். இனி எத்தனையோ ஊரில் அந்தப் பக்கம் அவள் சொன்னபடி பேசும். எனக்கு இதை எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

"இப்ப உங்களுக்கு வேணும்கிறதத் தேடுங்க," என்றாள் குரு.

நாச்சிமுத்து வழக்கம்போல் ஓர் அடி முன்னால் வைத்தார். குரு அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

தெய்வானை ஒரு சொல்லைத் தட்டினாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"கொலை," என்றது கணினி. "முப்பத்தெட்டு நூல்கள்."

இத்தனை வருடமும் நாச்சிமுத்து பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்ததெல்லாம் மகான்களின் வாழ்க்கையும் தன்னம்பிக்கைக் கட்டுரைகளும்.

"ஏனம்மிணி, பதினோரு வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்த..."

"உஷ்," என்றாள் தெய்வானை. "படிக்குது."