பலகையில் விழுந்த பொன்புள்ளி

முன்னொரு காலத்தில், கேட்காமலே மழை பெய்துகொண்டிருந்த காலத்தில், வாகைநல்லூர் என்ற நாட்டைக் கும்பராயர் என்று ஓர் அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி வந்து ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அவர் எதிரில் ‘பல்’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. பல்லக்குக்குத் ‘தூக்குக் கட்டில்’ என்று பெயர் வைத்தார்கள். சுவரில் பல்லி ஓடினால் ‘சுவர்க்காரி போகிறாள்’ என்பார்கள். பல்லாண்டு பாட வந்தவர்கள்கூட ‘நூறாண்டு, நூறாண்டு’ என்று பாடிவிட்டு நடையைக் கட்டினார்கள்.

அமைச்சர் பெயர் செவ்வந்தியப்பர். முத்திரை மோதிரம் விரலுக்கு வருவதற்கு முன்பு, தேர்ப்பலகைகளில் தங்க ரேக்கு என்கிற மெல்லிய தகட்டை ஒட்டி எழுத்து எழுதிக்கொண்டிருந்தவர். அந்த மோதிரத்தின் மேல் அவைப்புலவர் மார்க்கசகாயப் பண்டிதருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

ஒருநாள் பண்டிதர் சபையில் எழுந்தார். “மகாராஜா! நாளைக்கு மேற்கு நாட்டரசர் வருகிறார். கோட்டை வாசலில் தங்க எழுத்தில் ஒரு பலகை தொங்க வேண்டாமா? ‘பல கொடுத்த வள்ளல் கும்பராயர்’ என்று வாசகமும் கட்டிவிட்டேன். எழுதுவதற்கு நம் அமைச்சரை விட்டால் ஆள் ஏது?”

அரசர் கையிலிருந்து ஒரு செம்புக்காசு வெளியே போய் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் கேட்கச் சுகமாக இருந்தது. “செவ்வந்தியப்பரே, சிவப்புப் பலகை, தங்க எழுத்து, நாளைக் காலைக்குள். ஓலையில் விடுவதுபோல் புள்ளியை விட்டுவிடக்கூடாது!” என்றார். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுவது வழக்கம். பலகையில் அந்தச் சாக்கு செல்லாது.

“பிழை வந்தால் மோதிரத்தைக் கழற்றித் தந்துவிடுவார்” என்று பண்டிதர் எடுத்துக்கொடுத்தார். அரசரும் தலையாட்டிவிட்டார்.

“மோதிரம் என்ன, தலைப்பாகையையும் சேர்த்தே தருகிறேன். ஆனால் பிழை வராது, அரசே” என்றார் அமைச்சர்.

பலகைக்குச் சிவப்பு அடித்தாயிற்று. ஆனால் ஒரே பகலில் வண்ணம் எங்கே காயும்? தொட்டால் பிசுபிசுவென்றது. அதன்மேல் ரேக்கை வைத்தால் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு பலகை முழுக்கத் தேமல் பிடித்துவிடும். பண்டிதர் நம்பியிருந்ததும் அதைத்தான். செவ்வந்தியப்பரோ சலித்த சுண்ணப்பொடியை மெல்லிய துணியில் முடிந்து பலகை முழுக்கத் தட்டினார். பொடி போர்த்திய இடத்தில் ரேக்கு ஒட்டாது. அதன்மேல் எண்ணெய்ப் பசையால் எழுத்துகளை எழுதிவிட்டு, பசை பதத்துக்கு வரட்டும் என்று உட்கார்ந்தார்.

எட்டிப் பார்த்த பண்டிதருக்கு முகம் விழுந்துவிட்டது. சட்டென்று சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். “பசியோடு ஏன் உட்கார்ந்திருக்கிறீர்? போய்ச் சாப்பிட்டு வாரும். பலகைக்கு நான் காவல்.”

அமைச்சர் சாப்பிட்டு வந்து, ரேக்கை ஒற்றி, அணில்மயிர்த் தூரிகையால் தட்டிவிட்டார். எழுத்துகள் தகதகத்தன. ஆனால் இரண்டாவது எழுத்தின் தலையில் மிளகு அளவுக்கு ஒரு பொன்புள்ளி! ‘பல’ என்றிருந்தது ‘பல்’ ஆகிவிட்டது. ‘பல் கொடுத்த வள்ளல்’!

பொடி தானாக எழுந்து போகாது. அந்த இடத்தை யாரோ விரலால் துடைத்திருக்கிறார்கள். யார் என்று யோசிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் சபையில் சொன்னால் சாட்சிக்கு எங்கே போவது? தூரிகையில் சிவப்பைத் தொட்டுப் புள்ளியின் மேல் ஓர் ஒற்று ஒற்றினார். புள்ளி போயிற்று. பலகையைப் பட்டுத் துணியால் மறைத்துவிட்டு வெளியே வந்தவர், “பண்டிதரே, உமது காவல் வீண்போகவில்லை!” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பண்டிதருக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் கோட்டை வாசலில் ஊரே திரண்டு நின்றது. மேற்கு நாட்டரசர் யானையை விட்டு இறங்கினார். பட்டு விலகியதுதான் தாமதம், பண்டிதர் பலகைக்கு முதுகைக் காட்டி, அரசரைப் பார்த்துக் கூவினார். “அபச்சாரம்! ‘பல் கொடுத்த வள்ளல்’ என்று எழுதிவிட்டாரே இந்த மனிதர்!”

கும்பராயர் மேலாடையால் வாயைப் பொத்திக்கொண்டு பலகையைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

“எங்கே ஐயா இருக்கிறது அந்தப் புள்ளி?”

பண்டிதர் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது எழுத்தின் தலையில் வெறும் சிவப்புதான் இருந்தது.

“இருந்தது, அரசே” என்றார் செவ்வந்தியப்பர். “நேற்று நான் சாப்பிடப் போன நேரத்தில் முளைத்தது. அழித்துவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. பலகையைப் பார்க்காமலே படிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும் என்று அவரையே கேளுங்கள்.”

பண்டிதர் வேர்த்து வழிந்தார். மேற்கு நாட்டரசருக்கோ சிரிப்பு தாங்கவில்லை. அவர் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, முன்வரிசையில் ஒன்றுகூட இல்லை. “கும்பராயரே, உமக்காவது இருக்கிறது. அதற்குப் போய் ஏன் இந்த முக்காடு?” என்றார். கும்பராயரும் மேலாடையை இறக்கிவிட்டு, அடக்கமாட்டாமல் சிரித்தார்.

“மோதிரம் உம்மிடமே இருக்கட்டும், செவ்வந்தியப்பரே.”

விருந்தாளி விடவில்லை. “அது சரி, ‘பல கொடுத்த வள்ளல்’ என்கிறதே பலகை. என்னென்ன கொடுத்தீர்?”

அமைச்சர் கும்பராயர் காதோடு சொன்னார்: “பலகையில் வண்ணம் இன்னும் காயவில்லை, அரசே. அது காய்வதற்குள் கொடுக்கத் தொடங்கிவிட்டால் எழுதியது பொய்யாகாது.”

கும்பராயர் பலகையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். “களஞ்சியத்தைத் திறங்கள்!” என்றார். “வந்தவர்களுக்கெல்லாம் நெல். வாசகம் கட்டிய பண்டிதரே நின்று அளந்து போடட்டும்.”

பண்டிதர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு மரக்காலைப் பிடித்தார். நெல் அளக்கும் வழக்கப்படி முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணக்கூடாது, ‘லாபம்’ என்றுதான் சொல்லவேண்டும். சனங்கள் முறத்தையும் கூடையையும் ஏந்திக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஒரு சொல் அவர் தொண்டையைத் தாண்டி வர வெகுநேரம் ஆயிற்று.