எடை கூடிய கற்பூரம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைநாடு என்ற சீமையைச் செண்பகராசா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. ரசத்தில் காரம் தூக்கல் என்று சமையல்காரனை விரட்டிவிடுவார். ராத்திரி பசித்ததும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்.

அவருக்கு அமைச்சர் ஆவுடையப்பர். ஆற்றில் நீச்சல் பழகிய வயசிலிருந்து இருவரும் கூட்டாளிகள். அவைப் பண்டிதர் வித்தகநம்பிக்கு இது பொறுக்கவில்லை. இத்தனை சாஸ்திரம் படித்த தனக்கு இரண்டாவது இருக்கை, ஆவுடைக்கு முதல் இருக்கையா என்று வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

ராணி அலங்காரவல்லி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். சாவதற்கு இரண்டு நாள் முன்னால் தன் கல்யாணப் பட்டைத் தானே மடித்தாள். பூச்சி அரிக்காமலிருக்க நடுவில் ஒரு கற்பூரக் கட்டி வைத்து மரப்பெட்டியை மூடினாள். அவள் போன பிறகு ராசா அதைப் பூட்டி, சாவியை அமைச்சரிடம் கொடுத்தார்.

"என்கிட்ட இருந்தா தினம் திறந்து வச்சு அழுவேன். நீ வச்சுக்கோ ஆவுடை. வருஷத் திதிக்குத் திறப்போம்."

திதி வந்தது. அவையோர் முன்னால் பெட்டியைத் திறந்தார்கள். பட்டு இருந்தது. கற்பூரம் இல்லை.

"அவ கையால கடைசியா வச்சதுடா!" என்று அலறினார் ராசா.

வித்தகநம்பி தொண்டையைக் கனைத்தார். "சாவி ஒருவரிடம்தான் இருந்தது மகாராசா. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை." சொல்லாமல் சொல்வதில் கெட்டிக்காரர்.

"ஆவுடை, நீ எடுத்தியா?"

"இல்லை மகாராசா."

"அப்ப எங்க போச்சு?"

ஆவுடையப்பர் பெட்டிப் பக்கம் வந்தார். அவருக்குத் திருட்டுப் பட்டம்கூடப் பெரிதில்லை. இத்தனை வருஷம் தோளில் கைபோட்டு நடந்தவர் இப்படிக் கேட்டுவிட்டாரே, அதுதான் உறுத்தியது. பெட்டியைக் குனிந்து பார்த்தார். குப்பென்று வாசம் அடித்தது. பொறி தட்டியது.

"மகாராசா, உங்களுக்கும் வாசம் வருதா?"

"மூக்கு எனக்கும் இருக்கு. வருது."

"பெட்டிக்குள்ள கிடந்தது உங்க மூக்கு வரைக்கும் வருதுன்னா, அதுலேர்ந்து ஏதோ கிளம்பி வந்திருக்கணுமே? கண்ணுக்குத் தெரியாத துகள் துகளா, வருஷம் முழுக்க இண்டு இடுக்கு வழியா கிளம்பிப் போயிருக்கு. அதான் கட்டியைக் காணோம்."

வித்தகநம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "கொளுத்தினால் கற்பூரம் போகும். கொளுத்தாமலே நடந்து போகுமோ? நாளைக்கு அம்மிக்கல்லும் கிளம்பிப் போச்சு என்பீர்!"

"அம்மிக்கல்லுக்கு வாசம் உண்டா பண்டிதரே? சரி, எடை போட்ட கற்பூரம் தர்றேன். உங்க பெட்டி, உங்க பூட்டு, உங்க வீடு. ஒரு மண்டலம் போகட்டும். எடை குறையலேன்னா நான்தான் திருடன்."

"குறையலேன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடு. என் முகத்துல முழிக்காதே," என்றார் ராசா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது அவர்தான்.

நகை செய்யும் தட்டார் வந்து, கற்பூரத்தைத் துண்டு துண்டாக உடைத்துத் தராசில் வைத்தார். சரியாகப் பத்துக் கழஞ்சு. பண்டிதர் அதை மார்போடு அணைத்து வீட்டுக்குக் கொண்டு போனார்.

நாற்பத்தெட்டு நாளும் அமைச்சரை அரண்மனைப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை. ராசா தினமும் சொக்கட்டான் ஆட்டத் துணியை விரித்து, எதிரே ஆளில்லாமல் சுருட்டி வைக்கிறார் என்று காவலன் வந்து சொன்னான். அன்றைக்கு ஆவுடையப்பருக்குச் சோறு இறங்கவில்லை.

கெடு முடிந்தது. அவை கூடியது. தட்டார் எடை போட்டார். நெற்றியைச் சுருக்கி மறுபடியும் போட்டார்.

"மகாராசா... பதினொன்றரைக் கழஞ்சு."

"பார்த்தீர்களா! குறையவே இல்லை!" என்று துள்ளினார் வித்தகநம்பி.

"குறையலை, ஒத்துக்கிறேன்," என்றார் ஆவுடையப்பர். "ஆனா ஒன்றரைக் கழஞ்சு கூடியிருக்கே. கற்பூரம் கன்னு போட்டுச்சா பண்டிதரே?"

அவை கொல்லென்று சிரித்தது. ராசா சிரிக்கவில்லை. "நம்பி, பெட்டியைத் திறந்தீரா?"

பண்டிதர் தராசையும் ராசாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் என்ன செய்வேன் மகாராசா! தினமும் பார்த்தேன், தினமும் குறைஞ்சுகிட்டே வந்துச்சு! பயந்துபோய் அப்பப்ப கொஞ்சம் போட்டு வச்சேன். கை தாராளமாயிடுச்சு..."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"இனி உமக்குக் கடைசி இருக்கை," என்றார் ராசா. "தினமும் கோயில் கற்பூரத்தை எடை போட்டு, நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவு குறைஞ்சுதுன்னு அவையில உரக்கச் சொல்லணும்."

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். மன்னிப்பு என்ற சொல் ராசாக்கள் வாயில் அவ்வளவு சுலபமாக வராது. கையை மட்டும் அவர் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"அப்ப அவ வச்சது அழிஞ்சே போச்சாடா?" என்று மெல்லக் கேட்டார்.

ஆவுடையப்பர் ஒரு மண்சட்டி கேட்டார். கொஞ்சம் கற்பூரம் போட்டுத் தணலில் இளஞ்சூடாக வைத்து, சட்டி வாயை மூடினாற்போலக் குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பு ஒன்றை உட்காரவைத்தார். சற்று நேரம் கழித்துச் செம்பைத் தூக்கினார். சட்டியில் ஒன்றுமில்லை. செம்பின் அடியில் வெள்ளைவெளேரென்று கற்பூரம் படிந்திருந்தது.

"பாருங்க. கண்ணுக்குத் தெரியாம போச்சே தவிர அழியலை. ராணியம்மா வச்சதும் அப்படித்தான். பட்டுல ஒட்டியிருக்கு, மரத்துல ஒட்டியிருக்கு. பெட்டியைத் திறந்தப்ப உங்க மூச்சுக்குள்ளயும் போயிருக்கு."

ராசா அந்தப் பட்டைக் கொண்டுவரச் சொன்னார். அவை பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அதில் முகத்தைப் புதைத்தார்.  நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் ஈரம்.

"கண்ணு கலங்குதுடா ஆவுடை."

"கற்பூர நெடி அப்படித்தான் மகாராசா," என்றார் அமைச்சர்.

இந்த வழக்கு முழுவதிலும் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.