தெய்வசிகாமணி டாக் வாங்கிய கதை

திருப்பூர் பனியன் முதலாளி தெய்வசிகாமணி பாட்டுப் பெட்டி வாங்கும் அழகே தனி. கையில் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் ஒசத்தி, லேசாக இருந்தால் டப்பா. எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றித் தரும் 'டாக்' வேண்டுமென்று கேட்டிருந்தார். பாட்டுப் பெட்டி விற்கும் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் செண்பகவல்லி. அவர் வீட்டுக்கு இரண்டு டாக் கொண்டுவந்தாள். ஒன்று அம்மிக்கல் கனம், இன்னொன்று சோப்புக்கட்டி அளவு.

சின்னதைத் தூக்கியவர், நண்பர்கள் முன்னாலேயே சோபாவில் வீசினார்.

"இது பெரிசு மாதிரி பாடிருமா? பாடிருச்சுன்னா இதையே வாங்கிக்கறேன். இல்லீன்னா உன் வேலை போச்சு!"

"சரிங்க. முதல்ல பெரிசைப் பாருங்க."

சின்னதைப் பொறுக்கிக்கொண்டு, அலமாரிக்குப் பின்னால் குனிந்து ஒயர்களை மாட்டினாள். பெரிய பெட்டியில் நீல விளக்கு எரிந்தது. நாகஸ்வரம் பொங்கியது.

முதலாளி தொடையைத் தட்டினார். "ஆகா! அந்த டப்பாவுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் இது வருமா?"

செண்பகவல்லி பெரிய பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. நாகஸ்வரம் நிற்கவே இல்லை! அலமாரிக்குப் பின்னால் பாடிக்கொண்டிருந்த சோப்புக்கட்டியை ஒயரோடு எடுத்துக் காட்டினாள். நண்பர்கள் போட்ட சிரிப்பில் நாகஸ்வரமே அமுங்கிப்போனது.

"அப்ப இந்தப் பெரிசு எதுக்குத்தான் ஆகும்?" என்றார் முதலாளி, குரல் இறங்கி.

"கனம் நல்லா இருக்குங்க. காத்துக்கு அடிச்சுக்கிற கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்."