கவிராயரின் பட்டுத் துண்டு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு இங்கிலீஷ் மேல் ஆசை வந்தது. ஆசை அவரோடு நின்றிருந்தால் பாதகமில்லை. ஓர் அப்பாவியின் நாக்குக்கல்லவா ஆபத்தாக முடிந்தது!

துறைமுகத்து வெள்ளைக்கார வியாபாரிகள் வாய்க்கு வாய் 'டேக்' என்கிறார்களே, அதற்கு என்ன பொருள் என்று ராஜா கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அனந்தப்பர் உள்ளதைச் சொன்னார்.

"எடுப்பது, மகாராஜா. மருந்து சாப்பிடுவதும் அதுவே, கோட்டையைப் பிடிப்பதும் அதுவே. அவர்கள் முன்னோர் காலத்தில் தொடுவதற்கும் அதையே சொன்னார்களாம்."

அனந்தப்பருக்கு இருந்த செல்வாக்கைக் கண்டு வயிறெரிந்துகொண்டிருந்த ஆஸ்தானக் கவிராயர் துள்ளி எழுந்தார். "பிரபோ, இவர் வாய்க்கு வந்தபடி அளக்கிறார்! சொல்லானாலும் சாமானானாலும் ஒன்றுக்கு ஒரு வேலைதான் உண்டு."

"அதையே சட்டமாக்கினோம்! மீறுகிறவன் நாக்கை அறுப்போம். நாளைக்கு முதலில் அனந்தப்பர் நாக்கு!" என்றார் ராஜா.

அரண்மனை விகடன் சங்கிலிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. உண்மையைச் சொன்னவருக்கா தண்டனை? இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாத ஆள் தீர்ப்புச் சொல்வாராம், அதற்கு ராஜா தலையாட்டுவாராம், இதற்கு ஒரு சபையாம்! அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியவர்கள் முன் தோளில் துண்டு கிடக்கக் கூடாது என்பது அந்நாட்டு மரியாதை. மறுநாள் சபைக்கு வந்த கவிராயர், வழக்கம்போல் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ராஜாவைக் கும்பிட்டார்.

"பிடியுங்கள்!" என்று கத்தினான் சங்கிலி. "துண்டுக்குத் தோளில் ஒரு வேலை, இடுப்பில் ஒரு வேலையா? சட்டம் என்ன ஆயிற்று?"

கவிராயர் பதறிப்போய்த் துண்டைத் தோளுக்கு ஏற்றினார். ராஜாவின் முகம் சிவந்தது.

"எம் எதிரிலேயே தோளில் துண்டா?"

துண்டு மறுபடி இடுப்புக்கு இறங்கியது. "நாக்கு!" என்றான் சங்கிலி. கவிராயருக்கு வியர்த்துக் கொட்டியது. என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் அதே துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விளங்கிவிட்டது சங்கிலி! சட்டம் ரத்து. அனந்தப்பரை விடுவியுங்கள்."

சங்கிலி சிரிக்கவில்லை. "துண்டு சொன்னது விளங்கிற்று, மகாராஜா. நேற்று மனுஷர் சொன்னபோது ஏன் விளங்கவில்லை?"

ராஜா அசடு வழியச் சிரித்து, தம் சரிகைச் சால்வையைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினார்.

அதற்குள் காவலர்கள் அனந்தப்பரை அழைத்து வந்தார்கள். நாக்கு பிழைத்தும் பேச்சு வராமல் அவர் விம்மிக்கொண்டிருந்தார். சங்கிலி அந்தச் சால்வையாலேயே அவர் கண்ணைத் துடைத்துவிட்டான்.