நீலத் தகடும் பிசுக்கு எண்ணெயும்

ஒரு காலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைக்குள், கோடிக்கணக்கான உடன்பிறப்புகளோடு ஒரு பெரோவ்ஸ்கைட் தகடு பிறந்தது. சீசியமும் ஈயமும் புரோமினும் கைகோத்து உண்டான படிகம் அது. மூன்றே அடுக்குதான் தடிமன். அதன் பக்கத்தில் வெங்காயச் சருகை வைத்தால் மெத்தை மாதிரி இருக்கும்.

பிறந்த கையோடு அதன் முதுகிலும் வயிற்றிலும் கரைசலில் இருந்த எண்ணெய் வந்து ஒட்டிக்கொண்டது.

“விடு! மூச்சு முட்டுது. நான் இன்னும் வளரணும்,” என்று கத்தியது தகடு.

“வளர்ந்தா பருத்துடுவே. பருத்தா உன் நீலம் போயிடும்,” என்றது எண்ணெய்.

“எந்த நீலம்? பிசுக்குக்குப் பேச்சைப் பாரு!”

அந்த நேரம் ஆய்வு மாணவி நசீமா குடுவைக்கு நேரே புற ஊதா விளக்கைப் பிடித்தாள். ஏழு மாதமாகப் பச்சை ஒளியையே பார்த்து நொந்துபோனவள். நீலம் வந்தால்தான் அவளுடைய ஆய்வு கரைசேரும்.

குடுவை முழுக்க நீலம் குபீரென்று பொங்கியது!

நசீமா துள்ளிக் குதித்து, ஒளியை அளக்கும் கருவி வைத்திருக்கும் நண்பனைக் கைபேசியில் பிடித்தாள். “பரிதி, நீலம் வந்துடுச்சு! உடனே வா!”

“நிஜமாவா? இதோ வர்றேன். நல்லா கழுவிச் சுத்தமா வை!”

தகட்டுக்குத் தலைகால் புரியவில்லை. “பிசுக்கோட இருக்கும்போதே இந்த அழகுன்னா, அது போயிட்டா நான் எப்படி ஜொலிப்பேன்!”

நசீமா ஏற்கெனவே ஒருமுறை கழுவியிருந்தாள். மிதமிஞ்சிய எண்ணெய் போய்விட்டது. ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. கரைசலை இரண்டு குழாய்களில் பிரித்து, முதல் குழாயில் மறுபடியும் அசிட்டோனை ஊற்றினாள்.

“நகப்பூச்சையே துடைக்கிறவன் நான். இந்தப் பிசுக்கு எம்மாத்திரம்?” என்றபடி இறங்கியது அசிட்டோன்.

“என்னையும் கூட்டிட்டுப் போ!” என்று இரண்டாவது குழாயிலிருந்து கெஞ்சியது நம் தகடு.

முதல் குழாயின் தகடுகள் எண்ணெயை உதறின. உதறிய வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒட்டின, பருத்தன. நீலம் பச்சையானது. பிறகு மங்கி, மஞ்சள் சேறாக அடியில் படிந்தது. அதில் ஒளியே இல்லை.

நசீமா அதை இன்னும் பார்க்கவில்லை. அசிட்டோன் பாட்டில் இரண்டாவது குழாயின் மேல் சாய்ந்தது.

“அடுத்து நீதான்!” என்றது அசிட்டோன்.

பக்கத்துக் குழாயின் சேற்றைப் பார்த்த தகடு கதறியது. “எண்ணெயே! என்னை விட்டுடாதே, இறுக்கிப் பிடிச்சுக்கோ!”

“நான் எப்பவும் பிடிச்சுட்டுதான் இருக்கேன். இப்பதான் நீ பிடிக்கிறே.”

பாட்டிலின் வாயில் ஒரு சொட்டு திரண்டது. தற்செயலாக முதல் குழாய்ப் பக்கம் திரும்பிய நசீமா அலறினாள். “ஐயோ, கழுவியே கெடுத்துட்டேனே!” பாட்டிலை வெடுக்கென்று நிமிர்த்தி மூடினாள்.

பரிதி மூச்சிரைக்க ஓடி வந்து, மிஞ்சிய குழாயைக் கருவியில் வைத்தான். திரை முழுக்க நீலம்.

“அடேயப்பா! என்ன ஒளி இது! சுத்தமா கழுவிட்டியா நசீமா?”

நசீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“இல்ல பரிதி. அதனாலதான் எரியுது.”